யாக்கோபா? ஜேம்ஸா? சந்தியாகுவா?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய தெருக்களிலே, ஒரு கிறிஸ்தவ வீட்டில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு இன்னும் பெயர் இடப்படவில்லை. தந்தையைப் பெற்ற பாட்டி கத்தோலிக்கர். “தம்பி, அப்பாவின் பெயரை வை. சந்தியாகு என்று இந்த வீட்டிலே மறுபடியும் ஒரு குரல் கேட்கட்டும்” என்கிறார். தாயைப் பெற்ற பாட்டனார் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர். “வேதத்தில் எழுதியிருக்கிறபடி யாக்கோபு என்று வையுங்கள், மருமகன்” என்கிறார். பிள்ளையின் தந்தையோ இரண்டுக்கும் இணங்காமல், “ஜேம்ஸ் என்று வைப்போம். பள்ளிக்கூடத்திலே ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். நாளைக்கு வெளிநாடு போனாலும் உதவும்” என்கிறார். தாய் ஒன்றும் பேசவில்லை. எந்தப் பெயரை வைத்தால் பிள்ளைக்குத் தீங்கு வராது என்பது ஒன்றே அவருடைய கவலை.

இத்தகைய வீடு ஒன்றல்ல, பல. உட்துறைமுக வீதி முதல் பாலையூற்று வரை, உப்புவெளி முதல் சீனன்குடா வரை இந்த வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. ‘ஒரு குழந்தையின் பெயர் வீட்டுக் காரியம். அரசியல் ஏட்டுக்கு இதில் என்ன வேலை?’ என்று கேட்போர் உளர். அன்னாருக்கு ஒன்று சொல்வோம். மொழிக்காக மாநாடு கூட்டுகிறோம். மொழிக்காகத் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். ஆனால் ஒரு மனிதன் தன் வாழ்நாளில் மிகுதியாகக் கேட்கும் சொல் அவனுடைய பெயரே. அந்த ஒரு சொல் எம்மொழியில் இருக்கவேண்டும் என்பதைப் பற்றிப் பேசாத மொழிப்பற்று என்ன மொழிப்பற்று? ஆகவே பேசுகிறோம்.

மூன்றும் ஒன்றே

முதலில் வழக்கின் வேடிக்கையை எடுத்துரைப்போம். பாட்டி சொல்லும் சந்தியாகுவும், பாட்டனார் சொல்லும் யாக்கோபும், தந்தை சொல்லும் ஜேம்ஸும் ஒரே பெயர்! எபிரேய மொழியிலே யாக்கோபு என வழங்கிய பெயர் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் நுழைந்தது. இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து திரிந்து ஆங்கிலத்தில் ஜேம்ஸ் ஆயிற்று. ஐபீரிய நாடுகளிலே இயாகோ ஆகி, ‘சாந்த்’ என்னும் அடைமொழியோடு ஒட்டிச் சந்தியாகோ ஆயிற்று. அதனைப் போர்த்துக்கேயர் கப்பலிலே கொண்டுவர, எமது கடற்கரை மக்கள் தம் நாவுக்கு ஏற்பச் சந்தியாகு என்றனர். இன்னும் இனிமையாக்கி யாகப்பர் என்றும் அழைத்தனர். கிளாலியிலும் குருநகரிலும் அவருக்குக் கோயில் எடுத்தனர்.

ஆங்கில வேதத்தைத் திறந்து பார்ப்பவர் ஒரு புதுமையைக் காண்பர். பழைய ஏற்பாட்டின் யாக்கோபை அஃது ஜேக்கப் என்கிறது. இயேசுவின் சீடரான யாக்கோபை ஜேம்ஸ் என்கிறது. ஒரே பெயர் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. தமிழ் வேதமோ இருவரையும் யாக்கோபு என்றே சொல்கிறது. மூலத்துக்கு அணித்தாக நிற்பது எது? ஆங்கிலமா, தமிழா? ‘ஜேம்ஸ் என்றால்தான் வேதப் பெயர், யாக்கோபு என்றால் பட்டிக்காட்டுப் பெயர்’ என்று எண்ணும் எமது இளைஞர், இந்த ஒன்றை மட்டும் ஆற அமரச் சிந்திக்கட்டும்.

சந்தியாகு என்றால் சிரிக்கிறார்களாம்! சிலி நாட்டின் தலைநகருக்கு என்ன பெயர்? சந்தியாகோ. ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் எல்லாம் இந்தப் பெயரைத் தம் ஆண் மக்களுக்குப் பெருமையோடு சூட்டுகின்றன. அங்கே பெருமையாக இருப்பது இங்கே மட்டும் எப்படிச் சிறுமையாகும்? சிறுமை பெயரில் இல்லை. எமது நெஞ்சில் இருக்கிறது.

முன்னோர் செய்த தொண்டு

வேதப் பெயர்களைத் தமிழாக்குவதில் எமது முன்னோர் இரண்டு வழிகளைக் கையாண்டனர். ஒன்று, ஒலியைத் தமிழாக்குவது. யோசேப்பு சூசை ஆனதும், தோமா தொம்மை ஆனதும், போர்த்துக்கேயரின் ஜுவாம் என்பது சுவாம்பிள்ளை ஆனதும் இவ்வழியே. மற்றொன்று, பொருளைத் தமிழாக்குவது. யோவான் என்னும் பெயர் ‘இறைவன் அருளினன்’ எனப் பொருள்படும். ஆகவே அருளப்பர் என்றனர். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவன். ஆகவே சின்னப்பர் என்றனர். ஸ்தேவான் என்பதற்குக் கிரேக்கத்தில் மணிமுடி என்று பொருள்; ஆகவே முடியப்பர் என்றனர். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், பெருகுதல் என்னும் பொருளுடைய யோசேப்பு என்ற பெயரை வளன் என்று தமிழாக்கினார். யோவானைக் கருணையன் என்றார். இத்தாலி நாட்டில் பிறந்த ஒருவருக்கு இருந்த தமிழார்வம், திருக்கோணமலையில் பிறந்த எமக்கு வேண்டாமா?

‘பெயரை மொழிபெயர்க்கலாமோ?’ என்று ஐயுறுவார்க்கு வேதமே விடை கூறுகிறது. சீமோன் என்னும் மீனவனை இயேசு தமது அரமேய மொழியிலே கேபா என்று அழைத்தார். பாறை என்பது அதன் பொருள். கிரேக்கத்தில் சுவிசேஷம் எழுதியவர்கள் அதனைக் கிரேக்கமாக்கிப் பேதுரு என்றனர். சீடருள் முதல்வரான அவருடைய பெயரே மொழிபெயர்ப்புத்தான்! கிரேக்கர்க்கு அமைந்த உரிமை தமிழர்க்கு இல்லை என்று சொல்பவர் யார்?

இந்தப் பெயர்கள் எமது இலக்கியத்திலும் ஏறியவை. தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் சந்தியாகுமையோர் அம்மானையைப் பாடியது 1647-ஆம் ஆண்டில். பாடியவர் பெயர் பேதுரு. பாடப்பட்டவர் பெயர் சந்தியாகு. பாடிய மொழி தமிழ். தரங்கம்பாடியிலே சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கொழும்பிலே பிலிப்பு தெ மெல்லோ தமது தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டது 1759-இல். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் வேதத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உழைத்தவர் யார்? சைவத்தின் காவலராகிய நல்லூர் ஆறுமுக நாவலர்! யாக்கோபும் யோவானும் தானியேலும் நாவலர் பெருமானின் கைபட்ட பெயர்கள். அவற்றைத் தமிழ் அல்ல என்று தள்ள எவருக்குத் துணிவு உண்டு?

மூன்று மறுப்புகள்

எமது கருத்தை மறுப்போர் மூவர். மூவரும் நல்லவர்களே. ஆகையால் மூவர்க்கும் விடை கூறுவது கடமை.

முதல்வர் தமிழன்பர். ‘சந்தியாகு என்பது போர்த்துக்கேயப் படைவீரரின் போர்முழக்கம் அன்றோ? 1624-இல் கோணேசர் கோயிலின் கற்களைக் கொண்டே இம்மலையில் கோட்டை கட்டியவர்களின் பெயரையா தமிழ்ப் பிள்ளைக்கு இடுவது?’ என்கிறார். அவர் சொல்வது உண்மை. அந்த முழக்கம் இந்தக் கடற்கரையிலே ஒலித்ததும் உண்மை; கோயில் இடிந்ததும் உண்மை. அதனை மறைக்கமாட்டோம், மறக்கவும் மாட்டோம். ஆனால் பின்னர் நடந்ததையும் அவர் மறத்தலாகாது. போர்த்துக்கேயர் ஓட்டப்பட்டனர், ஒல்லாந்தர் வந்தனர், கத்தோலிக்க சமயத்துக்குத் தடை விதித்தனர். குருமாருக்கு இடமில்லை. 1687-இல் கோவாவிலிருந்து யோசே வாஸ் அடிகள் மாறுவேடம் பூண்டே இந்நாட்டினுள் நுழைய வேண்டியிருந்தது. கோட்டையும் இல்லை, கொடியும் இல்லை, பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. அந்நாளிலே சந்தியாகு, சூசை, அந்தோனி என்னும் பெயர்களை விடாது காத்தவர் எவர்? வலை இழுத்தவரும் தோணி தள்ளியவருமான எமது ஏழை மக்கள். கொண்டுவந்தவன் படைவீரன்; வைத்துக் காத்தவன் தமிழ் மீனவன். அவன் துன்பத்தில் காத்த பெயரை, அவனுடைய பெயரன் இன்பத்தில் எறியலாமா?

மேலும், சொற்கள் கடல் கடந்து செல்வதும் வருவதும் புதிதன்று. சாலமோன் அரசனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு எபிரேய வேதம் வழங்கும் துகி என்னும் பெயர், தமிழ்த் தோகையே என்று கால்டுவெல் ஐயர் எடுத்துக் காட்டினார். தமிழ்ச் சொல் எபிரேயத்தில் குடியேறலாம். எபிரேயப் பெயர் தமிழில் குடியேறலாகாதா?

இரண்டாமவர் பிள்ளையின் தந்தை. ‘ஆங்கில வடிவம் உலகத்துக்கு உதவும்’ என்கிறார். கடவுச்சீட்டிலே எந்தப் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் அச்சாகிறது. சந்தியாகுவை ஆங்கில எழுத்தில் எழுத முடியாதா? தொறொன்ரோவிலும் இலண்டனிலும் உலகத்துப் பெயர்கள் எல்லாம் ஒலிக்கின்றன. அங்கே போலந்து நாட்டவர் தம் பெயரை விடவில்லை, எதியோப்பியர் விடவில்லை. தம் பெயரைத் தாமே குறுக்கிக்கொண்டு கடல் தாண்ட வேண்டியவர்கள் தமிழர் மட்டுமா? ஆங்கிலப் பெயரால் எமக்கு ஏதோ புதுப் பெருமை வந்துவிடும் என்பதும் பழைய மயக்கம். வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்ற எம்மவர்க்கு, பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளிகளின் பெயர்கள் இடப்பட்டன. ஆர்னல்ட் என்றும், நெவின்ஸ் என்றும், கரோல் என்றும் பெயர் பெற்றனர். இன்று தமிழ் உலகம் அவர்களை எப்படி நினைவுகூர்கிறது? பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளை என்றும், சிதம்பரப்பிள்ளை என்றும், விசுவநாதபிள்ளை என்றும் அல்லவா! கொடையாளியின் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்ப் பெயரே நிலைத்து நிற்கிறது.

மூன்றாமவர் பிள்ளையின் தாய். அவர் வாய்திறந்து சொல்லாத மறுப்பே மிக வலியது. இந்தத் துறைமுகப் பட்டினத்திலே பெயரைக் கேட்டு இனத்தை அறிந்த காலம் ஒன்று இருந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது, அதில் எழுதிய பெயர் தமிழா என்று பார்த்த கண்களை அவர் அறிவார். 1983 முதல் 2009 வரை எத்தனை தாய்மார் அந்தக் கண்களுக்கு அஞ்சினர்! எவ்வினம் என்று காட்டாத பெயராகத் தேடிப் பிள்ளைக்கு இட்டவர்களும் உளர். அவர்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லமாட்டோம். பிள்ளையின் உயிரைக் காக்க ஒரு தாய் எதையும் கொடுப்பாள், பெயரையா கொடுக்கமாட்டாள்? குற்றம் பெயரை மறைத்த தாயினுடையது அன்று. தமிழ்ப் பெயர் தாங்குவதையே ஆபத்தாக்கிய ஆட்சியினுடையது.

ஆயினும் ஒன்றை அத்தாயிடம் பணிவோடு கூறுவோம். வேதத்திலேயே இக்கதை உண்டு. பாபிலோன் அரசன் எருசலேமிலிருந்து இளைஞரைச் சிறைபிடித்துச் சென்றான். தன் மொழியைக் கற்பித்தான். தன் உணவைக் கொடுத்தான். அதன் முன்னரே அவர்களுடைய பெயரை மாற்றினான். தானியேலுக்குப் பெல்தெஷாத்சார் என்று பெயர் இட்டனர். அரண்மனை ஏட்டிலே அப்பெயர்தான் இருந்தது. உலகம் இன்று அவனை எப்பெயரால் அறிகிறது? சிங்கக் கெபியிலிருந்து மீண்டவன் தானியேல். அச்சம் சில காலம் எமக்குப் பெயரிடலாம். என்றென்றும் பெயரிடும் உரிமையை அதற்குக் கொடுத்தலாகாது. முதலிக்குளம் மொறவெவ ஆனதைக் கண்டு மனம் நொந்தவர்கள், தம் வீட்டுத் தொட்டிலிலே தாமே அச்செயலைச் செய்யவேண்டுமா?

பெயரனும் பெயரும்

‘எம் குடும்பத்தில் இல்லாத வேதப் பெயர் ஒன்றை இடலாமா?’ என்று வினவுவோரும் உண்டு. தாராளமாக இடலாம். சகரியாவின் வீட்டிலே அப்படித்தான் நடந்தது. முதிர்ந்த வயதில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் பெயரையே வைக்க அயலவரும் உறவினரும் முனைந்தனர். தாய் எலிசபெத்து, யோவான் என்றாள். உறவில் ஒருவருக்கும் இப்பெயர் இல்லையே என்று அவர்கள் எதிர்த்தனர். பேச்சிழந்திருந்த தந்தை பலகை ஒன்றை வாங்கி, யோவான் என்றே எழுதிக் காட்டினார். வழக்கு முடிந்தது. தாய் சொன்னதைத் தந்தை உறுதிசெய்தார் என்பதையும், அவர் அதனைத் தம் மொழியில் எழுதினார் என்பதையும் எமது தந்தையர் கவனிக்க.

ஆனால் தமிழர்க்கு என்று ஒரு மரபு உண்டு. மகனுடைய மகனைப் பெயரன் என்கிறோம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதனால் வந்த சொல் அது. பேச்சிலே பேரன் ஆயிற்று. பாட்டன் மறைந்தாலும் அவன் பெயர் வீட்டில் மறையாதிருக்க எமது முன்னோர் கண்ட வழி இது. சுவாம்பிள்ளைகளும் சூசைப்பிள்ளைகளும் சந்தியாகுகளும் இன்று கல்லறைக் கற்களிலே மிகுதியாகவும் பள்ளி இடாப்புகளிலே அரிதாகவும் காணப்படுகின்றனர். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் பேதுரு, பவுல், யோவான், யாக்கோபு என்னும் வடிவங்களையே ஏற்றது. ஆகவே இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்னும் பழைய பெயர்களைப் பூசையிலே கேட்கும் வாய்ப்பும் குறைந்துவிட்டது. சபைகள் ஒன்றுபட்டுப் பொது வடிவம் கண்டது நன்றே, குறை கூறோம். ஆனால் கோயிலில் ஒலி குறைந்த பெயரை வீட்டிலும் விட்டால் அப்பெயர் எங்கே போய் வாழும்?

என்ன செய்யவேண்டும்?

எமது முடிபைச் சுருங்கக் கூறுவோம். வேதப் பெயர் எதுவாயினும் ஆகுக; அது தமிழில் வாழ்ந்த வடிவிலே ஆகுக. யோசேப்பு, சூசை, வளன் மூன்றும் எம்முடையவை. யோவான், அருளப்பர், அருளானந்தம் எம்முடையவை. சாமுவேல், தானியேல், மத்தேயு எம்முடையவை. இவற்றுள் உள்ளத்துக்கு இனியதைத் தெரிந்துகொள்க.

பெயரைத் தெரிந்தபின் அதனை முதலில் தமிழிலே எழுதுக. ஆங்கில எழுத்து அதனைப் பின்பற்றட்டும். திருமுழுக்கு ஏட்டில் சூசை, பிறப்புச் சான்றிதழில் யோசேப்பு, பள்ளி இடாப்பில் ஜோசப் என்று மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதிவைத்தால், பிள்ளை வளர்ந்தபின் மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு அலையவேண்டிவரும். ஆகவே எல்லா ஏட்டிலும் ஒரே எழுத்து இருத்தல் வேண்டும். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை அரசகரும மேடையிலிருந்து இறக்கியது. 1987-இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியது. இவ்விரண்டுக்கும் இடையில் எமது மக்கள் பட்ட பாட்டை எண்ணிப் பார்ப்பவர், பதிவாளர் முன்னிலையில் பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதுவிப்பதை அற்பக் காரியம் என்று கருதார்.

வேதப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரு மனிதனிடத்தில் பகையின்றி வாழும் என்பதற்குச் சான்று வேண்டுமா? 1956 ஆகஸ்டிலே இதே திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாட்டிலே, தமிழர் உரிமைக்காகத் தலைமை தாங்கி நின்றவரை நினைத்துக்கொள்க. அவருடைய முழுப் பெயர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். வேதத்துச் சாமுவேலும், ஆங்கிலத்து ஜேம்ஸும், முருகனின் வேலும் அந்த ஒரு பெயரில் அடங்கின. சைவர் மிகுந்த காங்கேசன்துறைத் தொகுதி அவரை மீண்டும் மீண்டும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அந்தப் பெயரிலும் ஜேம்ஸ் இருக்கிறதே என்பார் உளர். இருக்கிறது. ஆனால் தமிழ் மக்கள் அவரை ஜேம்ஸ் என்று அழைத்தார்களா? தந்தை செல்வா என்றே அழைத்தார்கள். மக்கள் நாவில் எது தங்கும் என்பதை மக்களே தீர்ப்பர். தங்கக்கூடியதைக் கொடுப்பது பெற்றோர் கடன்.

இனித் தொடக்கத்தில் கண்ட வீட்டுக்குத் திரும்புவோம். பாட்டி, பாட்டனார், தந்தை மூவரும் ஒரே அப்போஸ்தலரின் பெயரையே மூன்று நாவால் சொல்கின்றனர் என்று கண்டோம். ஆகவே சமயச் சண்டைக்கு அங்கே இடமில்லை. யாக்கோபு என்று வைத்தால் மகிழ்வோம். எம்மைக் கேட்டால், சந்தியாகு என்றே வைக்கச் சொல்வோம். அப்பெயரைத் தாங்கிய பாட்டன் இந்தத் துறைமுகத்தின் உப்புக்காற்றிலே உழைத்தவன். அவன் பெயரை வீட்டு வாசலில் நின்று உரத்துக் கூப்பிடப் பாட்டி ஒருத்தி இன்னும் உயிரோடு இருக்கிறாள். அவள் இருக்கும்போதே அந்தப் பெயரை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள். பிள்ளையின் தாயே, அஞ்சற்க. அப்பெயரை அவன் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய ஊராக இந்த ஊரை ஆக்குவது எங்கள் எல்லோருடைய பொறுப்பு.